கெமிக்கல்ல கெட்டுப்போன நிலத்தை சுத்தம் பண்ணச் சொல்லி அரசாங்கத்துல மனு போடறது எப்படி? (புதுசா இறங்குறவங்களுக்கு)

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். "என் நிலத்தை சுத்தம் பண்ணிக் குடுங்க"ன்னு எழுதி கையெழுத்து போட்டா வேலை முடிஞ்சிடற மாதிரி ஒரு ஃபார்ம் இ-சேவை மையத்துல கிடைக்கும்னு நெனச்சிட்டு போகாதீங்க, அப்படி ஒன்னு கிடையாது. இருக்கறதெல்லாம் ஒரு நாலஞ்சு ஆபீஸ், ஒவ்வொன்னுக்கும் இந்த வேலையில ஒரு சின்ன துண்டு மட்டும்தான் அதிகாரம். அதனால எல்லார்கிட்டயும் போய் "நடவடிக்கை எடுங்க"ன்னு கேட்டா எல்லாரும் மனுவை அடுத்த டேபிளுக்கு தள்ளிவிட்டுடுவாங்க. எந்த ஆபீசால என்ன செய்ய முடியுமோ அதை மட்டும் அந்த ஆபீஸ்ல கேட்டா தள்ளிவிடறது அவ்வளவு சுலபம் இல்ல. நான் கீழ எழுதறது பூரா இந்த ஒரு விஷயத்தை சுத்தித்தான்.

நம்ம ஊருக்கு இப்போ கைவசம் இருக்கற முக்கியமான சட்டம் 2025 ஜூலைல மத்திய அரசு கொண்டு வந்த மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகள். 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு சட்டத்துக்கு கீழ வந்தது. இதுக்கு முன்னாடி கெட்டுப்போன நிலத்தை யாரு கண்டுபிடிக்கணும், யாரு செலவு பண்ணணும்னு தெளிவா ஒரு நடைமுறையே கிடையாது, கோர்ட்டுக்கு போனாத்தான் வழி. விதிகள் வந்த நேரத்துல நாடு முழுக்க 103 இடங்களை அடையாளம் கண்டிருந்தாங்க, சுத்தம் பண்ற வேலை ஆரம்பிச்சது வெறும் ஏழு இடத்துலதான்னு சொன்னா நிலைமை புரியும்னு நெனக்கிறேன்.

உங்க பிரச்சனை இதுக்குள்ள வருமான்னு மொதல்ல பாருங்க

தோல் தொழிற்சாலை, சாயப்பட்டறை, எலக்ட்ரோபிளேட்டிங், பழைய பேட்டரி உருக்கற இடம், பூச்சிமருந்து கம்பெனி, கெமிக்கல் குடோன், இந்த மாதிரி ஏதோ ஒன்னால மண்ணோ நிலத்தடி தண்ணியோ கெட்டிருந்தா இந்த விதிகளுக்குள்ள வரும். ஊர் குப்பைமேடு, சுரங்கம், கதிரியக்க கழிவு, கடல்ல கொட்டுன எண்ணெய் இதுக்கெல்லாம் தனித்தனி சட்டம் இருக்கறதால இதுல சேராது. குப்பைமேடுன்னா பஞ்சாயத்தோ நகராட்சியோ மாநகராட்சியோதான் பொறுப்பு, சென்னையில பெருங்குடியிலயும் கொடுங்கையூர்லயும் பண்ற பயோமைனிங் (பழைய குப்பையை தோண்டி வகை பிரிச்சு அகற்றறது) மாதிரி வேலையை அவங்ககிட்டதான் கேக்கணும். மண்ணுல வெறும் உப்பு ஏறிப்போய் பயிர் வரலன்னா, பக்கத்துல தொழிற்சாலை எதுவும் இல்லன்னா, அது பெரும்பாலும் வேளாண்மைத்துறை விஷயம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு (பேச்சுவழக்குல போர்டு) ஓடி பிரயோஜனம் இல்ல.

இன்னொன்னு, இப்பத்தான் நேத்து ராத்திரி லாரில வந்து கொட்டிட்டு போயிருக்கான்னா அதுக்கு மனு எழுதிட்டு உக்காந்திருக்காதீங்க. உடனே 112, லாரி நம்பர், போட்டோ, போலீஸ் புகார். 2024 டிசம்பர்ல திருநெல்வேலி பக்கம் நடுக்கல்லூர், கொடகநல்லூர்ல கேரளா மருத்துவக் கழிவை கொட்டுனப்போ மக்கள் உடனே சத்தம் போட்டதாலதான் பசுமைத் தீர்ப்பாயம் (சுற்றுச்சூழல் வழக்குக்குன்னே இருக்கற தனி கோர்ட்) தலையிட்டு கேரளாவே வந்து அள்ளிட்டு போகணும்னு உத்தரவாச்சு, சில நாள்லயே லாரி வந்து அள்ளவும் செஞ்சாங்க. அதே கழிவு மண்ணோட கலந்து ரெண்டு மழை பேஞ்சிருந்தா கதையே வேற.

நிலத்தோட ஜாதகம்

மனுவுல "ஊருக்கு மேற்கால ஓடைக்கு பக்கத்துல"ன்னு எழுதுனா வேலைக்கு ஆகாது. சர்வே நம்பர், உட்பிரிவு, கிராமம், தாலுகா நாலும் வேணும். தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் வெப்சைட்ல பட்டா, சிட்டா, அ-பதிவேடு (நிலம் என்ன வகைன்னு காட்டற கிராமக் கணக்கு), புலப்படம் (நிலத்தோட அளவு வரைபடம்) எல்லாம் பாத்துக்கலாம். அ-பதிவேடை கண்டிப்பா பாருங்க, ஏன்னா கழிவு கொட்டுன இடம் பட்டா நிலமா, புறம்போக்கா, ஏரியா, வாய்க்காலாங்கறதை பொறுத்து மனு போற ஆளு மாறும். நீர்நிலை புறம்போக்கா இருந்தா தாசில்தாருக்கும் ஒரு காப்பி போகணும், நீர்வளத்துறை ஏரின்னா அவங்களுக்கும்.

அடுத்து வில்லங்கச் சான்று. பத்திரப்பதிவு வெப்சைட்ல பாத்துக்கலாம். இது எதுக்குன்னு கேக்கறீங்களா, அந்த இடம் யார்கிட்ட எந்த வருஷத்துல இருந்துச்சு, எப்போ கைமாறுச்சுன்னு வரிசையா தெரியும். யாரு கெடுத்தாங்கன்னு கண்டுபிடிக்கறதுதான் இந்த விதிகள்ல ரொம்ப முக்கியமான கட்டம், நீங்களே அந்த நிலத்தை பின்னாடி வாங்குனவரா இருந்தா நான் வாங்கறதுக்கு முன்னாடியே இது நடந்து முடிஞ்சதுன்னு காட்ட உங்களுக்கே இது தேவைப்படும். கூகுள் எர்த்ல பழைய வருஷத்து சாட்டிலைட் படங்களையும் பாக்கலாம், எந்த வருஷம் அந்த மூலையில வெள்ளையா ஒரு திட்டு முளைச்சுதுன்னு சில சமயம் அப்படியே தெரியும், அதை பிரிண்ட் எடுத்து வெச்சுக்கோங்க.

மண்ணு, தண்ணி டெஸ்ட்

இங்கதான் நெறைய பேர் காசையும் நேரத்தையும் விடறாங்க. வேளாண்மைத்துறை மண் பரிசோதனை நிலையத்துல குடுத்து "எல்லாம் நார்மல்"னு ரிப்போர்ட் வாங்கி வெச்சிருப்பாங்க. அங்க பாக்கறது கார அமிலத்தன்மை, உப்பு, தழை மணி சாம்பல் சத்து, நுண்ணூட்டம், அதாவது பயிருக்கு என்ன உரம் போடணும்னு சொல்ற டெஸ்ட். குரோமியமோ ஈயமோ பாதரசமோ அதுல பாக்கவே மாட்டாங்க. அந்த ரிப்போர்ட்டை மனுவோட வெச்சீங்கன்னா உங்களுக்கு எதிராவே முடியும்.

என்ன டெஸ்ட் பண்ணணும்ங்கறது அங்க என்ன தொழில் நடந்துச்சுங்கறதை பொறுத்தது. தோல் தொழிற்சாலைன்னா குரோமியம், குளோரைடு, தண்ணில கரைஞ்சிருக்கற மொத்த உப்பு. முலாம் பூசற பட்டறைன்னா குரோமியம், நிக்கல், சயனைடு. பேட்டரின்னா ஈயம். சாயம்னா உப்பு, சோடியம், நிறம். பெட்ரோல் பங்க் டேங்க் கசிவுன்னா பென்சீனும் எண்ணெய் வகையும். எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணுங்கன்னு லேப்ல சொன்னா பில்லு எகிறும், அதனால ரெண்டு மூணை மட்டும் தேர்ந்தெடுங்க. லேப் என்ஏபிஎல் (லேப்களுக்கு தரச் சான்று குடுக்கற தேசிய அமைப்பு) அங்கீகாரம் வாங்கினதா இருக்கணும், அதுவும் நீங்க கேக்கற அந்த குறிப்பிட்ட டெஸ்ட்டுக்கு அங்கீகாரம் இருக்கான்னு கேட்டு வாங்குங்க, வாசல்ல மாட்டுன பெயர்ப் பலகையை மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க. கிணத்துத் தண்ணியை மட்டும் பாக்கணும்னா குடிநீர் வடிகால் வாரிய லேப்லயும் குடுக்கலாம்.

சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடி: பீப்பாய், டிரம், கலர் கலரா பவுடர் மூட்டை இருக்கற இடத்துல நீங்களா தோண்டவே கூடாது. அத தூரத்துல நின்னு போட்டோ எடுத்தா போதும். மத்த இடத்துல கையில கிளவுஸ், முகத்துல மாஸ்க், துருப்பிடிச்ச மண்வெட்டி வேணாம் ஏன்னா அந்த துருவே ரிசல்ட்டை கெடுக்கும், சுத்தமான பிளாஸ்டிக் கரண்டியோ ஸ்டெயின்லெஸ் கரண்டியோ போதும். மேல கிடக்கற இலை தழையை ஒதுக்கிட்டு மேல்மண்ணுல இருந்து ஒரு சாம்பிள், ஒரு அடி ஆழத்துல இருந்து ஒன்னு, தனித்தனி கவர். உலோகத்துக்கு புது ஜிப் கவர் போதும், ஆனா பெட்ரோல் வாசம் தின்னர் வாசம் வந்தா கண்ணாடி பாட்டில்ல இடைவெளியே இல்லாம நிரப்பி மூடி ஐஸ் பெட்டியில அன்னிக்கே லேபுக்கு கொண்டு போகணும், இல்லன்னா பாதி ஆவியாப் போயிடும். ஒவ்வொரு கவர் மேலயும் தேதி, நேரம், சர்வே நம்பர், ஆழம், எடுத்தவர் பேர். கடைசியா ஒன்னு மறக்காம செய்ங்க, அதே வகை மண்ணு இருக்கற, கழிவு படாத தூரத்து நிலத்துல இருந்தும் ஒரு சாம்பிள். "இந்த ஏரியா மண்ணே இப்படித்தான்"னு நாளைக்கு எதிர்தரப்பு சொல்றதுக்கு பதில் அந்த ஒரு கவர்லதான் இருக்கு.

குடிதண்ணிக்கு இந்திய தர அளவு லிட்டருக்கு மொத்த குரோமியம் 0.05 மில்லிகிராம், ஈயம் 0.01, ஆர்சனிக் 0.01, பாதரசம் 0.001. ரிப்போர்ட்ல இதை தாண்டியிருந்தா மனு கினு எல்லாம் அப்புறம், மொதல்ல அந்த கிணத்துத் தண்ணியை குடிக்கறதையும் சமைக்கறதையும் நிறுத்துங்க. கொதிக்க வெச்சு குடிச்சா சரியாயிடும்னு நெனக்காதீங்க, கிருமிதான் சாகும், உலோகம் அப்படியேதான் இருக்கும், தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாத்தான் ஆகும்.

ஒரு விஷயம் புரிஞ்சுக்கோங்க, நீங்க எடுத்த சாம்பிளை வெச்சு மட்டும் போர்டு நடவடிக்கை எடுக்காது, அவங்க சாம்பிளை அவங்களே வந்து எடுப்பாங்க. உங்க ரிப்போர்ட் அவங்களை வர வைக்கறதுக்கு. அந்த அளவுக்குத்தான் அதுல செலவு பண்ணணும்.

மனு எங்க, என்ன கேக்கணும்

2025 விதிகள்படி சந்தேகப்படற இடங்களை கண்டுபிடிச்சு பட்டியல் போட வேண்டியது உள்ளாட்சி அமைப்பும் மாவட்ட நிர்வாகமும். தானாவும் பண்ணலாம், பொதுமக்கள் புகார் வந்தும் பண்ணலாம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அந்த பட்டியலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பணும். அதனால கலெக்டர்கிட்ட நீங்க கேக்க வேண்டியது "சுத்தம் பண்ணுங்க" இல்ல, "இந்த சர்வே நம்பரை பட்டியல்ல சேத்து வாரியத்துக்கு அனுப்புங்க". திங்கக்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள்ல நேர்ல குடுத்து மனு எண் போட்ட ரசீது வாங்கிட்டுத்தான் வெளிய வரணும். மனு இப்படி இருந்தா போதும்:

"பொருள்: _____ வட்டம், _____ கிராமம், சர்வே எண் _____ நிலத்தில் இரசாயனக் கழிவு மாசு – சந்தேகத்திற்குரிய மாசடைந்த இடமாகப் பட்டியலில் சேர்க்கக் கோருதல்.

மேற்படி நிலத்தில் _____ ஆண்டு முதல் _____ ஆண்டு வரை _____ தொழில் நடைபெற்றது. தற்போது மண்ணிலும், _____ மீட்டர் தொலைவிலுள்ள குடிநீர்க் கிணற்றிலும் _____ அளவு கூடுதலாக உள்ளது (ஆய்வறிக்கை இணைப்பு 1). இந்தக் கிணற்றை _____ குடும்பங்கள் பயன்படுத்துகின்றன. எனவே மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகள், 2025-இன்படி இந்த இடத்தைப் பட்டியலில் சேர்த்துத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு அனுப்பவும், அனுப்பிய கடிதத்தின் நகலை எனக்கு வழங்கவும், அதுவரை மேற்படி குடும்பங்களுக்கு மாற்றுக் குடிநீர் வழங்க ஆணையிடவும் வேண்டுகிறேன்."

அவ்வளவுதான். ஒரு பக்கத்தை தாண்ட வேணாம். யாரு யாருக்கு சொந்தக்காரன், எந்த கட்சிக்காரன் பின்னாடி இருக்கான்னு எழுதாதீங்க, உண்மையாவே இருந்தாலும் எழுதாதீங்க, மனுவை ஓரங்கட்ட அதுவே போதும். மாற்றுக் குடிநீரை மட்டும் விட்டுடாதீங்க, ஏன்னா நிலம் சுத்தமாக வருஷக்கணக்காகும், தண்ணி லாரி அடுத்த வாரமே வர முடியும்.

அதே நாள் ஒரு காப்பி மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் ஆபீசுக்கு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட மாவட்ட ஆபீஸ் அதுதான். சில பெரிய மாவட்டத்துல ஒன்னுக்கு மேல இருக்கும், உங்க தாலுகா எதுல வருதுன்னு கேட்டுட்டு போங்க. அங்க கேக்க வேண்டியது "இடத்தை பாத்து சாம்பிள் எடுங்க, எடுக்கும்போது எனக்கு சொல்லுங்க". ஸ்பீடு போஸ்ட்ல டெலிவரி அத்தாட்சியோட அனுப்பிடுங்க, வாரியத்தோட வெப்சைட்லயும் புகார் பதியலாம், முதல்வரின் முகவரி 1100-லயும் போட்டு வைக்கலாம், ஆனா 1100-ஐ மட்டும் நம்பி இருக்கறது சரிப்படாது, அதுவும் சுத்திட்டு கடைசியில அதே இன்ஜினியர் டேபிளுக்குத்தான் வரும்.

கிராமமா இருந்தா கிராம சபையில தீர்மானம் போடுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இந்த ஆறு நாள்ல கூடும். தனி ஆளு மனுவை விட தீர்மானத்துக்கு எடை அதிகம், பஞ்சாயத்தும் உள்ளாட்சி அமைப்புதாங்கறதால விதிகள்படி அந்த தீர்மானமே பட்டியலுக்கான பரிந்துரையா நிக்கும்னு வாதாடலாம். தீர்மான நகலை கையோட கேட்டு வாங்குங்க, அப்புறம் வாங்கிக்கலாம்னு விட்டா நோட்டுல அது வேற மாதிரி இருக்கும்.

அதுக்கு அப்புறம் என்ன நடக்கும்

தகவல் வந்ததுல இருந்து 90 நாளுக்குள்ள வாரியம் முதல்கட்ட ஆய்வு முடிக்கணும். அதுல 2016 அபாயக் கழிவு விதிகள்ல இருக்கற 189 ரசாயனங்கள்ல எதாவது அளவுக்கு மீறி இருக்கறதா தெரிஞ்சா அடுத்த 90 நாளுக்குள்ள விரிவான ஆய்வு. உறுதியாச்சுன்னா அந்த இடத்தை வெளிப்படையா அறிவிச்சு, ஆள் நடமாட்டத்தை கட்டுப்படுத்தி, நிபுணர் அமைப்பு ஒன்னை வெச்சு சுத்தம் பண்ற திட்டம் போடுவாங்க. கெடுத்தவங்க யாருன்னு வாரியம் கண்டுபிடிக்கணும், செலவு அவங்களோடது. அவங்களை கண்டுபிடிக்க முடியல, இல்ல கம்பெனி திவாலாயிடுச்சுன்னா மத்திய அரசும் மாநில அரசும் சேந்து செலவை ஏத்துக்கணும்.

கெடுத்தவன் காசு குடுக்கணும்ங்கறது இந்த விதிகள்ல புதுசா வந்ததும் இல்ல, 1996-ல வேலூர் தோல் தொழிற்சாலை வழக்குலயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, நம்ம பாலாறு பக்கத்து பிரச்சனைதான் அது. ஆனா ராணிப்பேட்டையில மூடிப்போன குரோமேட் கம்பெனி விட்டுட்டுப் போன ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேலான குரோமியக் கழிவு 1990-கள்ல இருந்து எத்தனை வருஷமா அங்கயே கிடந்துச்சுன்னு பாத்தா, ஆளில்லாத கம்பெனின்னா செலவு யாரோடதுங்கற கேள்வி எவ்வளவு இழுக்கும்னு புரியும். அதனால கம்பெனி இன்னும் உயிரோட இருக்கும்போதே மனு போடறது புத்திசாலித்தனம்.

பட்டியல்ல ஏறுனா நிலத்தோட மதிப்பு விழும், உள்ள போக வர கட்டுப்பாடு வரும், இது பட்டா நிலக்காரங்களுக்கு நெசமாவே கஷ்டம். பக்கத்து நிலக்காரங்ககிட்ட முன்கூட்டியே பேசிட்டு மனு போடுங்க, அவங்களுக்கு பேப்பர்ல பாத்து தெரிஞ்சா உங்களுக்கு எதிராவே நிப்பாங்க.

90 நாள் ஆச்சு, ஒரு சத்தமும் இல்லன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி வாரியத்தோட பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்க, 30 நாள்ல பதில் தரணும். தரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. இதுல "ஏன் நடவடிக்கை இல்லை"ன்னு கேக்காதீங்க, ஏன்ங்கற கேள்விக்கு ஆர்டிஐல பதில் வராது. பேப்பரை கேளுங்க: என் மனு மேல எழுதுன கோப்புக் குறிப்பு நகல், இடத்தை பாத்த ஆய்வு அறிக்கை, எடுத்த சாம்பிளோட ரிசல்ட், அந்த கம்பெனிக்கு குடுத்த இசைவாணை (தொழில் நடத்த வாரியம் தர்ற அனுமதி) நகல், அபாயக் கழிவு பத்தி அவங்க வருஷா வருஷம் தாக்கல் பண்ற படிவம் 4, கழிவை லாரில அனுப்புனதுக்கான படிவம் 10. கடைசி ரெண்டும் தங்கம். வருஷத்துக்கு இத்தனை டன் கழிவு வந்துச்சுன்னு படிவம் 4-ல போட்டுட்டு படிவம் 10-ல அதுல பாதிதான் வெளிய போயிருக்குன்னா மிச்சம் எங்கங்கற கேள்விக்கு அவங்கதான் பதில் சொல்லணும்.

தீர்ப்பாயம் போக வேண்டி வந்தா

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தெற்கு அமர்வு சென்னையில, சேப்பாக்கம் கலச மஹால்ல இருக்கு. வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம். இங்க தேதிதான் எல்லாம்: பிரச்சனைக்கு தீர்வு கேக்கற மனுன்னா விஷயம் ஆரம்பிச்சதுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள, நிலத்தை பழையபடி சீரமைக்கவும் நஷ்டஈடும் கேக்கற மனுன்னா அஞ்சு வருஷத்துக்குள்ள, ரெண்டுலயும் சரியான காரணம் இருந்தா இன்னும் 60 நாள் குடுக்கலாம். அதனால கெட்டுப்போன நிலத்துக்கு பெரும்பாலும் ரெண்டாவது வகைதான் ஒத்துவரும். கட்டணம் ஆயிரம் ரூபா, நஷ்டஈடு கேட்டா கேக்கற தொகையில ஒரு சதவீதம், வறுமைக்கோட்டுக்கு கீழ இருக்கறவங்களுக்கு கட்டணமே இல்ல. வக்கீல் வேணும், காசு இல்லன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுகிட்ட கேளுங்க, பெண்களுக்கும் எஸ்சி எஸ்டி மக்களுக்கும் வருமானம் பாக்காமலே இலவசம், 15100-க்கு போன் பண்ணாலும் வழி சொல்லுவாங்க.

சுத்தம் பண்றோம்னு வந்தாங்கன்னா

"சுத்தம்"னா எவ்வளவு சுத்தம்னு அப்பவே கேளுங்க, எழுத்துல கேளுங்க. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல மூடுச்சு, பாதரசம் கலந்த மண்ணை எந்த அளவு வரைக்கும் சுத்தம் பண்ணணும்ங்கறதுலயே சண்டை வருஷக்கணக்கா ஓடுச்சு, கிலோவுக்கு 20 மில்லிகிராம் போதும்னு ஒரு பக்கம், காட்டுக்கும் ஏரிக்கும் மேல இருக்கற இடத்துக்கு அது ரொம்ப தாராளம்னு மக்கள் பக்கம். தொழிற்சாலை நிலமாவே இருக்கும்னு வெச்சுக் கணக்கு போட்டா அளவு தளர்வா இருக்கும், வீடு கட்டவோ விவசாயம் பண்ணவோன்னா கறாரா இருக்கும். உங்க நிலம் விவசாய நிலம்னா திட்ட அறிக்கையில அப்படித்தான் போட்டிருக்கான்னு பாருங்க, மக்கள்கிட்ட கருத்து கேக்கற கட்டத்துல இதை எழுதிக் குடுங்க.

தோண்டுன மண்ணு எங்க போகுதுன்னும் கேளுங்க. கும்மிடிப்பூண்டியில இருக்கற மாதிரி அபாயக் கழிவுக்குன்னு அனுமதி வாங்குன நிலநிரப்பு இடத்துக்கு போகணும், ஒவ்வொரு லோடுக்கும் படிவம் 10 இருக்கணும். பக்கத்து ஊர் பள்ளத்துல போய் விழுந்தா உங்க பிரச்சனை அவங்க பிரச்சனையா மாறுச்சு, அவ்வளவுதான். தோண்டாம மேல களிமண்ணும் ஷீட்டும் போட்டு மூடற முறையும் இருக்கு, சில இடத்துக்கு அதுவே சரியாவும் இருக்கும், ஆனா அப்படி மூடுனா சுத்தி கண்காணிப்பு கிணறு போட்டு வருஷக்கணக்கா தண்ணியை டெஸ்ட் பண்ணிட்டே இருக்கணும், அதுக்கான காசு யாரு தர்றாங்க, எத்தனை வருஷத்துக்குங்கறதை வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேப்பர்ல வாங்கிடுங்க.

வேலை முடிஞ்சதும் கடைசி ஆய்வு அறிக்கை நகல் வாங்கி பட்டா, பத்திரத்தோட சேத்து வைங்க, நாளைக்கு விக்கவோ லோன் வாங்கவோ போனா அதைத்தான் கேப்பாங்க. ஒரு பருவமழை போனதுக்கு அப்புறம் அதே கிணத்துல, அதே லேப்ல, அதே டெஸ்ட்டை உங்க செலவுல ஒரு தடவை பண்ணிப் பாருங்க. நம்பர் திரும்ப ஏறியிருந்தா பழைய மனு எண்ணை மேல போட்டு அதே டேபிளுக்கு புது மனு.